ஊத்துக்குளி வெண்ணெயில் கிரீன் டீ பிஸ்கட்: ஒரு கிறிஸ்துமஸ் ஆர்டரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டம் ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு விற்கும் பெண் ஒருவருக்குத் தீபாவளி முடிந்த கையோடு பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. கொடுத்தது திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் ஊழியர்களுக்கும் கொடுக்க 150 பெட்டிகள் வேண்டும். பெட்டிக்கு 12 பிஸ்கட். டிசம்பர் 20க்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.

அவர்கள் கேட்டது கிரீன் டீ போட்ட வெண்ணெய் பிஸ்கட். நிபந்தனைகள் மூன்று. பிஸ்கட் பார்வைக்குப் பச்சையாக இருக்க வேண்டும், ஆனால் சாயம் சேர்க்கக் கூடாது. முட்டை கூடாது, மார்கழியில் கவிச்சி தொடாதவர்களும் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும் அந்த நிறுவனத்தில் ஏராளம். மூன்றாவதாக, இந்தப் பெண்ணின் பிஸ்கட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஊத்துக்குளி வெண்ணெயின் மணம் அதில் இருந்தாக வேண்டும்.

அந்த வெண்ணெய் இவருடைய மாமியார் வீட்டு எருமைப் பாலிலும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தரும் பாலிலும் தயிர் தோய்த்துக் கடைந்து எடுப்பது. உப்பு கிடையாது, நிறமூட்டி கிடையாது. கொங்கு நாட்டில் ஊத்துக்குளி வெண்ணெய்க்கு உள்ள மதிப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் விற்கும் பாக்கெட் வெண்ணெய்க்கு மாறினால் பாதி வேலை மிச்சம் என்று பலரும் இவருக்குச் சொன்னார்கள். அவர் மாறவில்லை. அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். இந்த ஆய்வின் பெரும்பகுதியும் அந்த முடிவைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைப் பற்றியதுதான்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். அவர் கேட்டுக்கொண்டதால் கூட இருந்து குறிப்பெடுத்தேன். சம்பந்தப்பட்டவர்கள் அனைவரின் சம்மதத்துடன், பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதல் மாதிரி

வழக்கமான வெண்ணெய் பிஸ்கட் கணக்கு அவரிடம் இருந்தது: மைதா 500 கிராம், வெண்ணெய் 350, பொடித்த அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) 175, உப்பு ஒரு சிட்டிகை. அதில் வால்பாறையில் இருந்து வாங்கி வந்திருந்த கிரீன் டீ இலையை மிக்ஸியில் பொடித்து, மாவுச் சல்லடையில் சலித்து, 20 கிராம் சேர்த்தார். பிசைந்தபோது மாவு இளம்பச்சையாக, பார்க்க நன்றாகவே இருந்தது. ஓடிஜி என்னும் சிறிய மின் அடுப்பில் முள்ளை 170 டிகிரியில் வைத்து 15 நிமிடம் சுட்டார்.

வெளியே வந்தது பழுப்பு பிஸ்கட். பச்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளிம்பு சிவந்திருந்தது. 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிய வில்லைகள் பரந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடித்தால் பல்லில் நறநறவென்று தூள் அகப்பட்டது. கடைசியில் நாக்கில் ஒரு துவர்ப்பு தங்கியது. வெண்ணெய் மணம் மட்டும் குறையில்லாமல் இருந்தது.

மாதிரியைப் பார்க்க வந்த நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிப்பவர்) இளைஞர் நேர்மையாகச் சொன்னார்: "ருசி நல்லா இருக்குதுங்க அக்கா. ஆனா ஷேடு வரலைங்க. இதை நான் அப்ரூவல் வாங்கிக் கொடுக்க முடியாதுங்க." துணிக்குச் சாயத்தின் மாதிரி பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. பிறகு நடந்த எல்லாவற்றிலும் அந்தக் கண் எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போது, நிறம், நறநறப்பு, பரவல் ஆகிய மூன்றையும் ஒரே குறையாகப் பார்க்காமல் தனித்தனியாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாமல் போகும்.

தேயிலையை மாற்றியது

நறநறப்புக்குக் காரணம் எளிதில் பிடிபட்டது. மிக்ஸி இலையை வெட்டுமே தவிர மாவாக அரைக்காது. எவ்வளவு சலித்தாலும் நாக்குக்குத் தெரிகிற துணுக்குகள் மிஞ்சும். பிஸ்கட்டில் போதுமான தண்ணீர் இல்லாததால் அவை ஊறுவதும் இல்லை.

ஜப்பானில் செய்யும் மாட்சா என்னும் கிரீன் டீ தூள் வேறு வகைப் பொருள். அறுவடைக்கு முந்தைய மூன்று வாரம் போலச் செடிகளை நிழலில் மூடி வைக்கிறார்கள். வெயில் குறையும்போது இலையில் பச்சையம் கூடுகிறது. துவர்ப்புத் தரும் கேட்டிசின்கள் குறைகின்றன. இனிப்புச் சாயலுள்ள தியானின் என்னும் அமினோ அமிலம் இலையிலேயே தங்குகிறது. பறித்த இலையை உடனே சில நொடிகள் ஆவியில் காட்டுவதால் இலையைக் கறுக்கச் செய்யும் நொதிகள் செயலிழக்கின்றன. காய்ந்த பின் காம்பையும் நரம்பையும் நீக்கி, கல் எந்திரத்தில் மெதுவாக அரைக்கிறார்கள். ஒரு கல் எந்திரம் மணிக்கு 30 முதல் 40 கிராம் வரைதான் தரும். துகள் 10 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அளவுக்கு இறங்கிவிடும். கியோத்தோ பக்கத்து உஜி, ஐச்சி மாநிலத்து நிஷியோ ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

வால்பாறை இலையில் குறை ஒன்றும் இல்லை. அது சுடுநீரில் ஊறவைத்துக் குடிப்பதற்காக, வெயிலில் வளர்த்த இலை. அதைப் பொடித்துத் தின்னும்போது, வடிகட்டியில் தங்க வேண்டிய துவர்ப்பும் சேர்ந்து வயிற்றுக்குப் போகிறது.

ஆகவே பச்சை நிறத்துக்கு மாட்சா வாங்குவது என்று முடிவானது. சடங்குக்குக் குடிக்கும் உயர் தரம் தேவையில்லை. வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் நடுவே அதன் நுணுக்கம் தெரியாது. சமையலுக்கென்று விற்கும் தரம் போதும். 100 கிராம் 700 ரூபாய்க்குக் கிடைத்தது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறப்பது என்று ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த தூளில் காற்றின் ஈரம் படிந்தால் கட்டி தட்டும், நிறமும் கெடும்.

மாட்சாவை மைதாவோடு கலக்காமல் பொடித்த அஸ்காவோடு சேர்த்து இரண்டு முறை சலித்தபோது கட்டி தட்டவில்லை. பல்லில் எதுவும் அகப்படவில்லை. நிறமும் முன்னைவிடப் பல மடங்கு மேல். ஆனாலும் சுட்டு எடுத்தபோது அது பாசி படிந்த மங்கல் பச்சையாகத்தான் இருந்தது. விலை உயர்ந்த தூளை வாங்கிய பிறகும் நிறம் ஏன் செத்துப்போகிறது என்பது அந்த வாரம் முழுக்க எங்களுக்குப் பிடிபடவில்லை.

புளிப்பு எங்கிருந்து வந்தது

பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேரும்போது அது வெளியேறி, அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்காருகிறது. மிஞ்சுவது ஃபியோஃபைட்டின் என்னும் பழுப்புப் பச்சை. புளி ஊற்றிக் கடைந்த கீரை நிறம் மங்கிப்போவதும் இதனால்தான். சூட்டைக் கொஞ்சம் குறைக்கலாமே தவிர, சுடாமல் பிஸ்கட் இல்லை. புளிப்பை மட்டும்தான் அடியோடு விலக்க முடியும். ஆனால் நம் மாவில் புளிப்பு எங்கே இருக்கிறது? மைதா, அஸ்கா, மாட்சா, உப்பு எதுவும் புளிப்பதில்லை.

பதிலைச் சொன்னது மாமியார். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர், வெண்ணெய்ச் சட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதைக் கழுவாமயா போட்ட அம்மிணி? மோரு அப்படியே உள்ளுக்குள்ள நிக்குது. கழுவாம எடுத்தா நாளாக ஆக வெண்ணெய் புளிக்கத்தானே செய்யும்?"

மருமகள் தயக்கத்தோடு, "அத்தை, உருக்கறதுக்கா இருந்தா கழுவுவோம். பிஸ்கட்டுக்கு எதுக்குன்னு விட்டுட்டேங்க" என்றார்.

தயிர் கடைந்து எடுக்கும் வெண்ணெயில் மோர் நுண்துளிகளாகச் சிக்கிக்கொண்டிருக்கும். அந்த மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. வெறும் வெண்ணெய் பிஸ்கட்டில் அது பிரச்சினையே இல்லை. சொல்லப்போனால், இவர் பிஸ்கட்டின் மணத்துக்கு அதுவும் ஒரு காரணம். மாட்சா சேர்ந்த மாவில்தான் அந்த அமிலம் பச்சையத்தைத் தாக்குகிறது. மோரோடு கூடுதல் தண்ணீரும் உள்ளே இருப்பதால் வில்லை பரவுவதும் விளங்கியது.

தண்ணீர் எவ்வளவு என்று வீட்டு முறையிலேயே பார்த்தோம். 100 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில், சடசடப்பு அடங்கும் வரை உருக்கி, கசடு வடிகட்டி, நெய்யை நிறுத்தோம். 76 கிராம் வந்தது. பாக்கெட் வெண்ணெயில் அதே முறையில் 82 வந்தது. நம் நாட்டு உணவு விதிகளின்படி மேசை வெண்ணெயில் பால் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வெள்ளை வெண்ணெய்க்கு அது 76. ஆக இவர் வெண்ணெயில் கலப்படமோ குறைபாடோ எதுவும் இல்லை. அந்த வகை வெண்ணெயின் இயல்பே அதுதான். பாக்கெட் வெண்ணெய்க்கென்று எழுதிய பிஸ்கட் கணக்கை நாட்டு வெண்ணெய்க்கு அப்படியே போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

மாமியார் கழுவிக் காட்டினார். அதிகாலையில், வெயில் ஏறும் முன், ஐஸ் போட்ட தண்ணீரில் வெண்ணெயைச் சிறு உருண்டைகளாகப் போட்டு, விரல்களால் பிதுக்கிப் பிதுக்கிக் கழுவினார். முதல் தண்ணீர் பால்போல வெளுத்தது. இரண்டாவது தண்ணீர் கலங்கலாக நின்றது. நான்காவதில் தண்ணீர் தெளிந்தது. அதன் பிறகு வெண்ணெயை மரப்பலகையில் வைத்து, அகலக் கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி, கசியும் தண்ணீரைத் துணியில் ஒற்றி எடுத்தார். இந்தக் கடைசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவுவதால் மோர் போகும், ஆனால் அதன் இடத்தில் வெறும் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். அழுத்தி வெளியேற்றினால்தான் வேலை முழுமையாகும். கழுவிப் பிழிந்த வெண்ணெயில் 100 கிராமுக்கு 81 கிராம் நெய் கிடைத்தது. எடை இழப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 60 கிராம்.

பிறகு ஒரே தட்டில் மூன்று வகை வில்லைகளை வைத்துச் சுட்டுப் பார்த்தோம்: உப்பில்லாத பாக்கெட் வெண்ணெய், கழுவாத நாட்டு வெண்ணெய், கழுவிப் பிழிந்த நாட்டு வெண்ணெய். மற்ற எல்லாம் ஒரே அளவு. பாக்கெட் வெண்ணெயும் கழுவிய வெண்ணெயும் நிறத்தில் ஏறத்தாழ ஒன்றாக நின்றன. கழுவாதது மட்டும் மங்கிப் பரந்து கிடந்தது. மணத்தில் கழுவிய நாட்டு வெண்ணெய், பாக்கெட்டைத் தூக்கிச் சாப்பிட்டது. கழுவுவதால் புளிப்பு மணத்தில் ஓரளவு போகிறது என்பது உண்மைதான். ஆனால் எருமைப் பால் கொழுப்பின் கனமான மணம் போகவில்லை.

இடையில் வேறொரு யோசனையும் வந்தது. கீரைக்கு ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் பச்சை நிற்குமே, இதிலும் போட்டால் என்ன? ஒரு சிறு உருண்டையில் போட்டுப் பார்த்தார்கள். நிறம் இன்னும் மோசமானது. காரத்தன்மையில் தேயிலையின் கேட்டிசின்கள் வேகமாகக் கறுக்கின்றன. சர்க்கரையும் மாவும் சிவப்பதும் கூடுகிறது. வில்லை இன்னும் பரவுகிறது. நாக்கில் சோப்புச் சுவை வேறு. சோடா உப்பு வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

சூடும் தடிமனும்

வெண்ணெய் சரியான பிறகு அடுப்பின் பக்கம் திரும்பினோம். முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்த அடுப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி ஓடிஜிக்குள் வைத்தபோது, முள் 170 காட்டும் நேரத்தில் உள்ளே 165க்கும் 195க்கும் இடையே சூடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளிம்பு சிவந்ததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை. முள்ளை 140க்குக் குறைத்தபோது உள்ளே சராசரியாக 150 நின்றது. அதில் 20 நிமிடம்.

வில்லையின் தடிமனை 5 மில்லிமீட்டரில் இருந்து 8க்கு உயர்த்தினார்கள். மெல்லிய வில்லை நடு வேகும் முன்பே விளிம்பு சிவந்துவிடுகிறது. மைதாவில் 50 கிராமைக் குறைத்து அதற்குப் பதில் நைசாக அரைத்த பச்சரிசி மாவு சேர்த்ததால் கடிக்கும்போது உதிரும் தன்மை கூடியது, பரவலும் குறைந்தது. கடைசியாக நிலைத்த கணக்கு இது: மைதா 450 கிராம், பச்சரிசி மாவு 50, கழுவிப் பிழிந்த வெண்ணெய் 330, பொடித்த அஸ்கா 170, மாட்சா 20, உப்பு 4. இதில் 20 கிராம் எடையில் 50 பிஸ்கட் வரும். மாவை உருளையாகச் சுருட்டி, குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்து, கல்லுப்போல இறுகிய பின்தான் வெட்டுவது.

வெந்ததா என்று மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதை இந்தப் பிஸ்கட் செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டும். சாதாரண வெண்ணெய் பிஸ்கட்டில் பொன்னிறம் வந்தால் எடுத்துவிடுவோம். இதில் மேலே பொன்னிறம் வந்தால் பச்சை போய்விட்டது என்று அர்த்தம். ஒன்றைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். அடி லேசாகப் பொன்னிறம் தட்டி, தட்டில் ஒட்டாமல் நகர்ந்தால் போதும். ஆறியபின் ஒன்றை உடைத்து, நடுவில் ஈரக்கோடு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்கள்.

ஜன்னல் சோதனையும் பெட்டியும்

இரண்டாம் மாதிரியை எடுத்துப் போன மெர்ச்சண்டைசர், துணிகளின் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் பிஸ்கட்டை வைத்துப் பார்த்து, நிறம் சரி என்றார். அதோடு விடவில்லை. சாயம் வெயிலில் வெளுக்கிறதா என்று துணியைப் பாதி மூடிச் சோதிக்கும் வழக்கப்படி, ஒரு பிஸ்கட்டின் பாதியை அட்டையால் மூடி அலுவலக ஜன்னலோரம் வைத்தார். ஒரு வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார்: "அக்கா, மூடின பாதி அப்படியே இருக்குதுங்க. திறந்த பாதி வெளுத்துப் போச்சுங்க. மோந்து பார்த்தா சிக்கு வாடையும் அடிக்குதுங்க."

இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். எங்களில் யாருக்கும் இது தோன்றவில்லை. பச்சையம் வெளிச்சத்தில் சிதையும் என்பது ஒரு பக்கம். சிதையும் முன், வெளிச்சத்தை உள்வாங்கிப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, கொழுப்பைச் சீக்கிரம் சிக்கடிக்கச் செய்யும் என்பது இன்னொரு பக்கம். வெண்ணெய் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் பண்டத்துக்கு இது பெரிய ஆபத்து. நிறம் போனாலும் தின்ன முடியும். சிக்கு வாடை வந்தால் முடியாது.

நிறுவனம் ஏற்கெனவே கண்ணாடிபோன்ற மூடி வைத்த பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தது. பச்சை வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஜன்னல் சோதனையின் முடிவைக் காட்டியதும், ஒளி புகாத அட்டைப் பெட்டிக்கு மாறச் சம்மதித்தார்கள். உள்ளே உணவுக்கு ஏற்ற உறையில் ஆறு ஆறாக இரண்டு கட்டு.

நிறத்தை இன்னும் பளிச்சென்று ஆக்க ஒரு துளி சாயம் போட்டால் என்ன என்ற கேள்வி நிறுவனத்தின் இன்னொரு மட்டத்தில் இருந்து வந்தது. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களை பிஸ்கட்டில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதல் நாளே சாயம் இல்லை என்று பேசியிருந்தார்கள்; பெட்டியிலும் அப்படியே அச்சாகப் போகிறது. வீட்டு அடுப்படியில் மில்லிகிராம் கணக்கில் நிறுத்துக் கலக்கும் வசதியும் இல்லை. அந்தப் பெண் மறுத்துவிட்டார். "இதுதாங்க தேயிலைப் பச்சை. இதுக்கு மேல வேணும்னா அது தேயிலை இல்லீங்க." அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பெட்டியின் பின்புறம் கோதுமை, பால் இருப்பதோடு காஃபீன் உள்ளது என்றும் அச்சடிக்கச் சொன்னேன். மாட்சாவின் எடையில் காஃபீன் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம். இந்தக் கணக்கில் ஒரு பிஸ்கட்டுக்கு 8 முதல் 16 மில்லிகிராம் வரும். பெரியவர்களுக்கு அது பொருட்டில்லை. ஊழியர் வீட்டுக்குப் போகும் பெட்டியை முதலில் திறப்பது குழந்தைகள் என்பதால் அது அச்சில் இருக்க வேண்டும்.

சுட்ட நாட்கள்

1,800 பிஸ்கட் தேவை. உடைசலுக்கும் சேர்த்து 2,000 என்று கணக்கிட்டார்கள். ஓடிஜியில் நடுத்தட்டு ஒன்றை மட்டும் நம்ப முடிந்தது. அதில் ஒரு தடவைக்கு 20 பிஸ்கட். அப்படிச் சுட்டால் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும்; மின்வெட்டு வந்தால் அதுவும் போச்சு. ஆகவே பக்கத்து ஊர் பேக்கரியின் பெரிய அடுப்பை வாடகைக்குக் கேட்டார்கள். காலையில் பன்னும் ரொட்டியும் முடிந்தபின், மூன்று மணி டீ நேரத்துக்கான பப்ஸ் வைக்கும் முன், இடையில் பதினொன்றிலிருந்து இரண்டரை வரை அடுப்பு சும்மா கிடக்கும். பேக்கரிக்காரர் மூன்று நாட்கள் தரச் சம்மதித்தார்.

மாவு வேலை எல்லாம் விடியற்காலையில் வீட்டில் நடந்தது. டிசம்பரில்கூடப் பகல் சூடு 30 டிகிரியைத் தொடும் ஊர் இது. வெயில் ஏறினால் கழுவிய வெண்ணெய் கையிலேயே கசிய ஆரம்பிக்கும். உருளைகளை ஐஸோடு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போய், அங்கேயே வெட்டினார்கள்.

முதல் நாள் முதல் தட்டுகள் வீணாயின. ரொட்டி சுட்ட சூடு அடுப்பின் கல்தளத்தில் அப்படியே தங்கியிருந்தது. காட்டி 150 என்றாலும் தளம் அதைவிடச் சூடு. நூறு பிஸ்கட் அடி கருகிப்போயிற்று. பேக்கரியின் மாஸ்டர் அனுபவசாலி. கதவைத் திறந்து வைத்து அரை மணி ஆறவிட்டார். பிறகு, "கீழ ஒரு தட்டக் கவுத்துப் போட்டு அதுமேல உங்க தட்டை வையுங்கம்மா. அடிச்சூடு நேரா ஏறாது" என்றார். மேல் சூட்டை 140க்கும் கீழ்ச்சூட்டை 150க்கும் தனித்தனியே வைத்தார். அன்று முதல் ஒரு தட்டுகூடக் கெடவில்லை.

விளைவு

டிசம்பர் 19 அன்று 150 பெட்டிகளும் போய்ச் சேர்ந்தன. நிறம் குறித்து நிறுவனத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் அலுவலகங்களில் இருந்து வந்த பதில்களில் தேயிலையைவிட வெண்ணெயைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. எங்கே வாங்கிய வெண்ணெய் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் மிகவும் மகிழ்ந்தது அதில்தான்.

தையல் பிரிவு ஊழியர்கள் பக்கம் வரவேற்பு கலவையாக இருந்தது. முருங்கைக் கீரை பிஸ்கட்டா என்று சிலர் கேட்டார்கள். பெரியவர்கள் டீயோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பிடித்துப்போனதாகச் சொன்னார்கள். குழந்தைகளில் பலர் கசக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நான்கு பெட்டிகளில் பிஸ்கட் நமத்துப்போயிருந்தது. விசாரித்தபோது, அவை கடைசி நாளின் கடைசித் தட்டில் இருந்து போனவை என்று தெரிந்தது. பேக்கரியில் பப்ஸ் நேரம் நெருங்கிவிட, பிஸ்கட் முழுக்க ஆறும் முன்பே உறைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வேர்த்த ஈரம் பிஸ்கட்டிலேயே இறங்கிவிட்டது. அந்த நான்கு பெட்டிகளுக்கும் பதில் பெட்டி கொடுக்கப்பட்டது.

ஒரு பெட்டியைப் பொங்கல் வரை பிரிக்காமல் வைத்திருந்து பார்த்தோம். நிறம் பெரிதும் மாறவில்லை, சிக்கு வாடையும் இல்லை. தேயிலை மணம் மட்டும் குறைந்திருந்தது. ஆகவே இந்தப் பிஸ்கட்டுக்கு மூன்று வாரம் என்று காலக்கெடு போடுவதே சரி என்று முடிவு செய்தோம்.

எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. முதல் மாதிரியில் தோற்ற வால்பாறை இலையை வெண்ணெயில் போட்டுச் சிறு சூட்டில் அரை மணி ஊறவைத்து, இலையை வடிகட்டிவிட்டு, வெண்ணெயை மறுபடி இறுகவைத்து, அஸ்காவுக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டுச் சுட்டுப் பார்த்தார். பிஸ்கட் பழுப்புதான். ஆனால் நாட்டுச் சர்க்கரை போட்ட பண்டத்தில் பழுப்பு குறை இல்லை. நறநறப்பும் இல்லை, துவர்ப்பு மிதமாக நின்றது. பொங்கலுக்கு 60 பெட்டி அதில் போனது. குழந்தைகள் தின்றது இதைத்தான்.

அடுத்த முறைக்கு மாற்றுபவை

ஊழியர்களுக்கான பெட்டியில் பச்சை பிஸ்கட் ஆறு, நாட்டுச் சர்க்கரை பிஸ்கட் ஆறு என்று பாதிப்பாதி வைக்கப் போகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்கு முழுக்கப் பச்சையே போகும்.

பேக்கரி அடுப்பைக் கேட்பதோடு, ஆறவைக்க இடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சுட்ட பிஸ்கட் குறைந்தது ஒரு மணி நேரம் கம்பித் தட்டில் ஆறிய பிறகே உறைக்குள் போக வேண்டும். அதற்கு அங்கே இடமில்லை என்றால், தட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறவைத்துக் கட்டலாம். கடைசித் தட்டை இரண்டு மணிக்குப் பிறகு அடுப்பில் வைப்பதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். முதல் தட்டுக்கு முன் கல்தளத்தின் சூட்டை வெப்பமானியால் பார்ப்பதும் இனிக் கட்டாயம்.

மாட்சாவை 20 கிராமில் இருந்து 16க்குக் குறைத்துப் பார்க்கும் எண்ணம் அவருக்கு உண்டு. நிறம் சற்று இளகும், கசப்பும் குறையும். அந்த மாதிரியை மெர்ச்சண்டைசரின் விளக்குப் பெட்டிக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். என் கருத்து, 18க்குக் கீழே போக வேண்டாம் என்பது. கசப்பை விரும்பாதவர்களுக்கு மற்ற பிஸ்கட் இருக்கிறது.

பெரிய மாற்றம் வெண்ணெயில். 14 கிலோ வெண்ணெயைக் கழுவிப் பிழிந்ததில் மாமியாரின் விரல்கள் விறைத்துப் போனதை மருமகள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாரத்தை இனி அவர் ஒருவர் தலையில் வைப்பதாக இல்லை. பால் தரும் தோட்டத்துக்காரரிடம் பேசி, அடுத்த நவம்பரில் இருந்து கடைந்த கையோடு அவர்கள் வீட்டிலேயே நான்கு தண்ணீர் கழுவி, பிழிந்து, அன்றே கொடுப்பது என்றும், அதற்குக் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல் என்றும் பேசி முடித்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 100 கிராம் உருக்கிப் பார்த்து, நெய் 80 கிராமுக்குக் குறைந்தால் அந்த வெண்ணெய் பச்சை பிஸ்கட்டுக்குப் போகாது, நாட்டுச் சர்க்கரை பிஸ்கட்டுக்குப் போகும்.